மச்சான் கொடுத்த ஒயின்: கோளாறு நாக்கிலா, பாட்டிலிலா?

குகைக்காரன்
சனி, இரவு 9.12

வணக்கம். கேள்வி அசட்டுத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு என் மச்சான் பிரான்ஸிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். கிளம்பும்போது மூன்று பாட்டில் சிவப்பு ஒயினைக் கையில் கொடுத்து, "சாதாரணம் இல்லை மாப்பிள்ளை, நல்ல நாளாகப் பார்த்துத் திறங்க" என்றார். மூன்றும் ஒரே ரகம். லேபிளில் போர்தோ, 2019 என்று போட்டிருக்கிறது. ஒன்றைச் சித்தப்பாவுக்குக் கொடுத்தேன். இரண்டு என்னிடம் இருந்தன.

போன வாரம் எங்கள் கல்யாண நாள், ஒன்றைத் திறந்தோம். திராட்சையை வெல்லப்பாகில் போட்டுக் கிண்டி அடிப்பிடிக்க விட்ட மாதிரி இருந்தது. மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, "இருமல் மருந்து" என்று டம்ளரைத் தள்ளிவிட்டாள். மச்சானுக்கு போன் போட்டால், "உங்களுக்குப் பழக்கமில்லை, நாக்கு பழகணும்" என்கிறார்.

பழக்கமில்லை என்பது உண்மைதான். ஆனால் மல்கோவா மரத்தில் முற்றியதா, கல் வைத்துப் பழுக்க வைத்ததா என்பதைக் காம்பை முகர்ந்தே சொல்லிவிடும் சேலத்துக்காரன் நான். ஒயினை மட்டும் ஏன் கண்டுபிடிக்க முடியாது? எதை வைத்து இது நல்லது, இது மட்டம் என்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தட்டுவடை செட்
சனி, இரவு 9.40

ரொம்ப சுலபம் நண்பா. கிளாஸில் ஊற்றிச் சுழற்று. உள்பக்கம் கண்ணீர் மாதிரி கோடு கோடாக வடியும். கோடு எவ்வளவு தடிமனோ அவ்வளவு உயர்ந்த ஒயின். பாட்டிலின் அடிக்குழி ஆழமாக இருந்தாலும் நல்ல சரக்குதான்.


கப்பல்காரன்
சனி, இரவு 10.25

தட்டுவடை தம்பி, கோபப்படாதீர்கள், இரண்டுமே தப்பு.

பயணிகள் கப்பலில் பதினோரு வருடம் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்த்தேன். அதில் கடைசி ஐந்து வருடம் ஒயின் பொறுப்பு. அந்தக் கண்ணீர்க் கோடு சாராயச் சத்து எவ்வளவு என்பதைத்தான் காட்டும். கிளாஸின் ஓரத்தில் மெல்லிசாக ஒட்டியிருக்கும் ஒயினிலிருந்து ஆல்கஹால் முதலில் ஆவியாகிறது. மிஞ்சுவதில் தண்ணீர் கூடுவதால் அதன் பரப்பு இழுவிசை கூடுகிறது. அது கீழே இருக்கும் ஒயினை மேலே இழுக்கிறது. கனம் தாங்காமல் துளியாக வழிகிறது. 1855இலேயே ஜேம்ஸ் தாம்சன் என்ற பெல்ஃபாஸ்ட் விஞ்ஞானி இதை விளக்கிவிட்டார். மட்டமான ஒயினிலும் ஆல்கஹால் 15 சதவீதம் இருந்தால் கண்ணீர் தாரை தாரையாக வரும். அடிக்குழி, கண்ணாடி ஊதும் காலத்துப் பழக்கம். ஆழமான குழி உள்ள பாட்டில் கனமாக இருக்கும், விலை கூடும், அவ்வளவுதான்.

குகைக்காரரே, ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் சொல்லுங்கள். பொங்கலிலிருந்து போன வாரம் வரை அந்த பாட்டில் எங்கே இருந்தது?


குகைக்காரன்
சனி, இரவு 10.31

பீரோ மேல் அண்ணா. குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது என்று.


கப்பல்காரன்
சனி, இரவு 10.33

மாடி வீடா?


குகைக்காரன்
சனி, இரவு 10.34

மேல் மாடி. தளத்துக்குக் கீழே. ஏன்?


கப்பல்காரன்
சனி, இரவு 11.05

முடிந்தது கதை. உங்கள் நாக்கில் கோளாறு இல்லை தம்பி.

ஒயினை வைக்க 12, 13 டிகிரி சுகம். சேலத்தில் சித்திரை மாதம் மேல் தளத்துக்குக் கீழே பீரோ உச்சியில் என்ன வெக்கை இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 30 டிகிரிக்கு மேல் வாரக்கணக்கில் கிடந்தால் ஒயின் வெந்துபோகும். புதுப்பழ வாசனை போய் ஜாம், உலர்திராட்சை வாசனை வரும். நீங்கள் "அடிப்பிடித்த பாகு" என்று எழுதினீர்களே, எங்கள் கப்பலில் இதற்கென்றே பயிற்சி எடுத்தவர்கள்கூட இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

இன்னொரு பாட்டில் திறக்காமல் இருக்கிறதல்லவா? அதன் தலையைப் பாருங்கள். சூட்டில் ஒயின் விரிந்து தக்கையை மேலே தள்ளும். பாட்டில் வாயிலிருந்து தக்கை ஒரு நூலளவு துருத்தியிருக்கும், மேல் உறை உப்பியிருக்கும், சில சமயம் ஓரத்தில் பிசுபிசுப்பு கசிந்திருக்கும். ராத்திரி ஆறும்போது அதே இடுக்கு வழியாகக் காற்று உள்ளே போகும்.

ஒரு பொது விஷயம். "நல்ல ஒயினா" என்று கேட்பதற்கு முன்னால் "கெடாத ஒயினா" என்று கேட்க வேண்டும். ஊசிப்போன சாம்பாரை வைத்துக்கொண்டு சமையல்காரரின் கைப்பக்குவத்தைப் பேச முடியாது. கெட்டதை மூக்கே சொல்லிவிடும். வெட்டி வைத்துப் பழுப்பேறிய ஆப்பிள் வாசனை வந்தால் காற்றுப் பட்டுவிட்டது. வினிகர் வாசனையோ, நகப்பூச்சு அழிக்கும் திரவ வாசனையோ வந்தால் காடியாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. குதிரை லாயம், பிளாஸ்டர் துணி மாதிரி அடித்தால் ஒரு வகை ஈஸ்ட்டின் வேலை. அதைக் கொஞ்சமாக இருந்தால் ரசிக்கிறவர்களும் உண்டு, நான் ரசிப்பதில்லை. கொளுத்திய தீக்குச்சி வாசனை வந்தால் மட்டும் பயப்படாதீர்கள். அது கெடாமல் இருக்கப் போடும் கந்தகம், கொஞ்ச நேரம் சுழற்றினால் போய்விடும்.


ஏழாவது வளைவு
ஞாயிறு, காலை 6.50

நனைந்த அட்டைப்பெட்டி வாசனையை விட்டுவிட்டீர்களே அண்ணா?

நான் ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் இருக்கிறேன். ஒயின் எனக்குத் தெரியாது, காபி ருசி பார்ப்பது வேலை. காபியில் 'ரியோ' என்று ஒரு குறை உண்டு. கொட்டை பார்க்க லட்சணமாக இருக்கும். வறுத்து, அரைத்து, வெந்நீர் ஊற்றினால் மழையில் நனைந்த கோணிச் சாக்கும் அயோடினும் கலந்த மாதிரி ஒரு வாடை கிளம்பும். மொத்த மூட்டையும் போச்சு. அதற்குக் காரணமான ரசாயனம் டிரைகுளோரோஅனிசோல். பூஞ்சையும் குளோரின் கலந்த பொருட்களும் சேர்ந்து உண்டாக்குவது. ஒயின் தக்கையில் வரும் அட்டைப்பெட்டி வாசனைக்கும் காரணம் அதேதான் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும்.

நாங்களும் முதலில் குறையைத்தான் தேடுவோம். 150 மில்லி வெந்நீருக்கு 8.25 கிராம் தூள், ஒரே மாதிரி ஐந்து கோப்பை. நாலு நிமிஷம் கழித்து மேலே திரண்ட ஏட்டைக் கரண்டியால் உடைத்து, மூக்கை உள்ளே விட்டு முகர்வோம். அப்புறம் கரண்டியில் எடுத்து, சத்தமாக உறிஞ்சுவோம். வீட்டில் அப்படி உறிஞ்சினால் அம்மா தலையில் குட்டுவார். ஆனால் காற்றோடு சேர்ந்து போனால்தான் வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். ஐந்து கோப்பையில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தாலும் மதிப்பெண் குறையும். ஒயினிலும் இப்படித்தானா?


வெள்ளிப்பட்டறை
ஞாயிறு, காலை 11.15

எல்லோரும் ரொம்ப மரியாதையாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், நான் கொஞ்சம் கல்லெறிகிறேன்.

நான் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை செய்கிறவன். வெள்ளி நல்லதா என்று ஒருவர் கேட்டால் டச், அதாவது நூற்றுக்கு எவ்வளவு சுத்தம் என்று பார்த்து எண்ணைச் சொல்லிவிடுவேன். நாளை வேறொருவர் பார்த்தாலும் அதே எண்தான். ஒயினில் அப்படி ஒரு எண் இருக்கிறதா? அமெரிக்காவில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர், அவரே ஒயின் தயாரிப்பவர், கலிபோர்னியா மாநிலப் போட்டி நடுவர்களைச் சோதித்தார். ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய ஒயினை, சொல்லாமல், மற்ற ஒயின்களுக்கு நடுவே மூன்று முறை கொடுத்தார். 2008இல் முடிவை வெளியிட்டார். பத்தில் ஒரு நடுவர்தான் மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் கொடுத்தாராம். மற்றவர்களில் சிலர் ஒருமுறை பதக்கம் கொடுத்ததை இன்னொரு முறை தள்ளியிருக்கிறார்கள்.

பிரான்ஸில் இன்னும் வேடிக்கை. ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் பெரும்பாலும் சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வார்த்தைகளையே எழுதினார்கள். 2001இல் வந்த ஆய்வு. இவர்கள் சொல்லித்தான் நாம் நல்லது கெட்டது தெரிந்துகொள்ள வேண்டுமா?


கப்பல்காரன்
ஞாயிறு, மதியம் 2.20

பட்டறைக்காரரே, நீங்கள் சொன்ன இரண்டும் உண்மை. நான் அதை மறுத்து வாதாடப் போவதில்லை. ஒரு நாளில் எண்பது, நூறு ஒயின் ருசி பார்த்து 91, 92 என்று எண் போடுவதை நானும் நம்புவதில்லை. அந்த எண்ணை நம்பித்தான் கப்பலில் பாதிப் பேர் ஆர்டர் செய்வார்கள், அது வேறு கதை.

ஆனால் அந்தச் சாய ஆய்வு என்ன சொல்கிறது? கண் மூக்கை ஏமாற்றும் என்கிறது. அதற்கு மருந்து, கண்ணைக் கட்டுவது. மூக்கையே வெட்டி எறிவதில்லை. 1976 மே மாதம் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற இங்கிலாந்து ஒயின் வியாபாரி ஒரு பந்தயம் வைத்தார். பிரான்ஸின் பேர்பெற்ற ஒயின்களையும் கலிபோர்னியா ஒயின்களையும் லேபிளை மறைத்து ஊற்றினார். ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள். லேபிள் தெரிந்திருந்தால் முடிவு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சிவப்பு, வெள்ளை இரண்டிலும் கலிபோர்னியாதான் முதலிடம். அவர்கள் மூக்கும் நாக்கும் சொந்த ஊர்ப் பெருமையை மீறித் தீர்ப்புச் சொன்னது, லேபிள் மறைந்திருந்ததால்தான்.

ஏழாவது வளைவு தம்பிக்கு: ஆமாம், ஏறக்குறைய அதேதான். உறிஞ்சும் சத்தம் உட்பட.


ஒழுக்கம் முதல்
ஞாயிறு, மாலை 4.02

குடி குடியைக் கெடுக்கும் என்று பாட்டிலிலேயே எழுதியிருந்தார்கள். அதை ஆராய்ச்சி செய்கிறார்களாம். வெட்கம்.


நெறியாளர்
ஞாயிறு, மாலை 4.30

கருத்தைப் பதிவு செய்துவிட்டீர்கள், நன்றி. யாரையும் குடிக்கச் சொல்லி இங்கே யாரும் எழுதவில்லை. இழை தலைப்புக்குள் தொடரட்டும்.


மிளகுக்கொடி
ஞாயிறு, இரவு 8.45

நானும் ஏற்காடுதான். எங்கள் பாட்டி கிறிஸ்துமஸுக்கு ஒயின் போட்ட காலத்தில் வளர்ந்தவள். (இப்போது கேட்டு வராதீர்கள். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது இங்கே மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். பாட்டியும் இல்லை, ஜாடியும் இல்லை.)

நீங்கள் எல்லோரும் கெட்டுப்போனதைப் பற்றியே பேசுகிறீர்கள். கெடாத ஒயினில் நல்லது எது என்று யாரும் சொல்லவில்லை. நான் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் துவர்ப்பு. வெளிநாட்டுக்காரர்கள் டானின், டானின் என்று பக்கம் பக்கமாக விளக்குகிறார்கள். நமக்கு எதற்கு விளக்கம்? அறுசுவையில் ஒன்றாகவே வைத்திருக்கிறோம். நாவல்பழம், வாழைப்பூ, கொட்டைப்பாக்கு தின்றால் நாக்கு இழுத்துப் பிடிக்கிறதே, அதுதான். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கிறது. எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாய் வறண்ட மாதிரி ஆகிறது. துவர்ப்பு இருப்பது குறை இல்லை. எப்படிப்பட்ட துவர்ப்பு என்பதில்தான் விஷயம். வாழைக்காய்த் தோலைக் கடித்தால் வருவது போல ஈறு முழுவதும் கரகரவென்று ஒட்டினால் காய் துவர்ப்பு. நன்றாகப் பழுத்த நாவல்பழத்தில் துவர்ப்பு சதையோடு சேர்ந்து உருண்டு வந்து, பிறகு மெதுவாக விடும். நல்ல சிவப்பு ஒயினில் அந்த இரண்டாவது வகை இருக்க வேண்டும்.

அப்புறம் புளிப்பு. விழுங்கியதும் நாக்கின் அடியில் எச்சில் ஊறினால் புளிப்பு இருக்கிறது. அது இல்லாத ஒயின் பழைய சோற்றுக்கு ஊறுகாய் இல்லாத மாதிரி சப்பென்று கிடக்கும். ரொம்ப இருந்தால் பல் கூசும். இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு, ஆல்கஹாலின் காரம் எல்லாம் இருந்தும் எதுவும் தனியாக எழுந்து நிற்காமல் இருந்தால், அதைத்தான் சமநிலை என்கிறார்கள். நல்ல ரசத்தில் புளி எங்கே, மிளகு எங்கே என்று பிரிக்கத் தோன்றாது, அது மாதிரி.

பாட்டி போட்டது பன்னீர் திராட்சையில். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும், 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கம்பம் பன்னீர். வெளிநாட்டில் அதை மஸ்கட் ஹாம்பர்க் என்கிறார்கள். தின்பதற்கு அருமையான பழம், மணம் தூக்கும். ஆனால் ஒயினுக்கென்று வளர்க்கும் திராட்சை சின்னதாக, தோல் தடித்து இருக்கும். நிறமும் துவர்ப்பும் அந்தத் தோலிலிருந்துதான் வர வேண்டும். பாட்டி குறையைச் சர்க்கரையால் மூடிவிடுவார். இனிப்பு பல பாவங்களை மறைக்கும். கேக்கோடு குடிக்கும்போது யாருக்குத் தெரியப் போகிறது!

ஆனால் பாட்டியிடம் ஒரு அளவுகோல் இருந்தது. ஜாடியைத் திறந்ததும் ஒரு ஸ்பூன் வாயில் விட்டு விழுங்குவார். கண்ணை மூடி, உதட்டை அசைக்காமல் ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்வார். ஜெபம் முடியும்போதும் வாயில் ருசி நின்றால் ஜாடியை வடிகட்டலாம். பாதியிலேயே போய்விட்டால், "இந்த வருஷம் தண்ணிதான்" என்பார். அவர் ஏதோ பக்தியில் செய்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். விழுங்கிய பிறகு ருசி எத்தனை வினாடி நிற்கிறது என்று எண்ணுவதற்கு பிரெஞ்சுக்காரர்கள் ஒரு அலகே வைத்திருக்கிறார்கள், கோதலி என்று பெயர், ஒரு வினாடிக்கு ஒரு கோதலி, என்று பல வருடம் கழித்துப் படித்தபோது சிரித்துவிட்டேன்.

இன்னொன்று. பூசைக்கு வைக்கும் திராட்சை இரசம் திராட்சைக் கனியிலிருந்து வந்த இயற்கையான ஒயினாகவும் கெடாததாகவும் இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 924 சொல்கிறது. ருசியாக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கப்பல்கார அண்ணா சொன்ன அந்த முதல் கேள்வியோடு சட்டம் நின்றுவிட்டது!


கப்பல்காரன்
ஞாயிறு, இரவு 9.10

மிளகுக்கொடி அம்மா, நாவல்பழ விளக்கத்தைக் கப்பலில் இருக்கும்போது யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் மூன்று மாதப் பயிற்சி மிச்சமாகியிருக்கும்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ருசி நீளமாக நின்றால் மட்டும் போதாது, எது நிற்கிறது என்று பாருங்கள். பாகற்காய்க் கசப்பும்தான் அரை மணி நேரம் நிற்கும். கிளாஸில் இருக்க இருக்க வாசனை மாறுகிறதா என்றும் கவனியுங்கள். சாதாரண ஒயின் முதல் நிமிஷத்தில் சொன்னதையே அரை மணி கழித்தும் சொல்லும். நல்லது, முதலில் பழம், பிறகு மிளகு, பிறகு ஈர மண், பழைய புகையிலைப் பெட்டி என்று பேச்சை மாற்றிக்கொண்டே போகும்.


குகைக்காரன்
ஞாயிறு, இரவு 9.55

எல்லோருக்கும் நன்றி. விலையை வைத்துச் சொல்ல முடியாதா? மச்சான் விலையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். இன்னொரு பாட்டிலின் தலையையும் பார்த்தேன். தக்கை துருத்திக்கொண்டுதான் இருக்கிறது. விரல் நகத்தில் தட்டுகிறது.


வெள்ளிப்பட்டறை
ஞாயிறு, இரவு 10.20

விலையா? அதற்கும் ஆய்வு இருக்கிறது. ஒரே ஒயினை ஒருமுறை 10 டாலர் என்றும் இன்னொரு முறை 90 டாலர் என்றும் சொல்லி, மூளையை ஸ்கேன் செய்துகொண்டே குடிக்கக் கொடுத்தார்கள். 2008இல் வெளிவந்தது. 90 என்று சொன்னபோது இன்பத்தோடு சம்பந்தப்பட்ட பகுதி அதிகமாக வேலை செய்தது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அதிகம் ரசித்திருக்கிறார்கள்! நம் ஊரிலோ வரி வேறு சேர்கிறது. விலையில் பாதி எதற்கு என்றே புரியாது.

லேபிளில் 'ரிசர்வ்' என்று இருந்தாலும் மயங்காதீர்கள். ஸ்பெயின், இத்தாலியில் அதற்குச் சட்ட அர்த்தம் உண்டு, பல நாடுகளில் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.


தட்டுவடை செட்
ஞாயிறு, இரவு 10.41

திருகு மூடி போட்டிருந்தால் மட்டம்தானே? அதாவது சரியா?


கப்பல்காரன்
ஞாயிறு, இரவு 10.50

அதுவும் இல்லை தம்பி. ஆஸ்திரேலியாவில் கிளேர் பள்ளத்தாக்குக்காரர்கள் 2000இல் தங்கள் நல்ல ரீஸ்லிங் ஒயினுக்கே திருகு மூடிக்கு மாறினார்கள், இந்தத் தக்கை வாடைக்குப் பயந்துதான்.


ஏழாவது வளைவு
திங்கள், காலை 6.35

குகைக்காரரே, ராத்திரி யோசித்துப் பார்த்தேன். சித்தப்பாவுக்குக் கொடுத்த மூன்றாவது பாட்டில் எங்கே இருக்கிறது?


குகைக்காரன்
திங்கள், காலை 7.10

சித்தப்பா ஏற்காட்டில்தான் இருக்கிறார். அங்கே ஸ்டோர் ரூமில், உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால். ஜனவரியிலிருந்து தொடவில்லையாம்.


ஏழாவது வளைவு
திங்கள், காலை 7.25

இது போதும்! ஒரே ஒயின், ஒரே வருடம். ஒன்று சேலத்துப் பீரோ மேல் வெந்தது, ஒன்று 1,500 மீட்டர் உயரத்தில் குளிர்ந்த இருட்டில் தூங்கியது. இதைவிட நல்ல சோதனை பணம் கொடுத்தாலும் அமையாது.

நாங்கள் செய்யும் முக்கோணச் சோதனையைச் செய்யுங்கள். ஆளுக்கு மூன்று கோப்பை. இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் மற்றது. எது தனி என்று மட்டும் கேளுங்கள். எது நல்லது என்று கேட்காதீர்கள், அது இரண்டாவது கேள்வி. வெந்த ஒயின் பழுப்படிக்கும், அதனால் கண்ணாடி கிளாஸ் வேண்டாம். ஊற்றுகிறவர் குடிக்கிறவர்களைப் பார்க்கக்கூடாது. கோப்பைக்கு 50 மில்லி போதும்.


கப்பல்காரன்
திங்கள், காலை 8.00

இரண்டும் ஒரே குளிரில் இருக்க வேண்டும், மறக்காதீர்கள். சிவப்பு ஒயினை 'அறை வெப்பத்தில்' குடிக்கச் சொல்வார்கள். அது ஐரோப்பாவின் அறை, 16, 18 டிகிரி. நம் அறை இல்லை.


குகைக்காரன்
அடுத்த ஞாயிறு, இரவு 9.30

செய்துவிட்டோம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

வெந்த பாட்டிலை ஈரத்துணியில் சுற்றி, இருபது கொண்டை ஊசி வளைவும் மடியில் வைத்துக்கொண்டே ஏறினேன். இனிமேல் பத்திரமாக வைத்து என்ன பயன் என்று மனைவி கேட்டாள், நியாயம்தான். மேலே போனதும் இரண்டு பாட்டிலையும் முதல் நாள் இரவே சித்தப்பாவின் ஸ்டோர் ரூமில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டோம்.

கோப்பைக்குத்தான் திண்டாட்டம். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினால் வாய் அகலம், வாசனை நிற்கவில்லை. சித்திதான் சின்னச் சொம்புகளை எடுத்து வந்தார். வயிறு பெருத்து, கழுத்து சிறுத்து, உள்ளே என்ன நிறம் என்று சரியாகத் தெரியாது. கப்பல்கார அண்ணா, உங்கள் ஒயின் கிளாஸும் இதே வடிவம்தானே? கால் மட்டும்தான் இல்லை. பூஜைச் சொம்பை மட்டும் சித்தி தரவில்லை. அக்கம்பக்கத்தில் கடன் வாங்கிப் பதினைந்து சேர்த்தோம்.

ஐந்து பேர்: நான், மனைவி, சித்தப்பா, அவர் மருமகன், பக்கத்துத் தோட்டத்து மேஸ்திரி. சித்தி குடிக்க மாட்டார், அதனால் அவரே சமையலறையில் ஊற்றி, சொம்பின் அடியில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி அனுப்பினார். மருமகனின் பையன் தூக்கி வந்தான். யாருக்கு எதில் என்று அவனுக்கும் தெரியாது.

ஐந்து பேரில் நாலு பேர் தனிச் சொம்பைச் சரியாக எடுத்தோம். தப்பாக எடுத்தது மருமகன், அவருக்குச் சளி. மேஸ்திரி வாயிலேயே வைக்கவில்லை, முகர்ந்துவிட்டு, "இது ஒண்ணு ஆறிப்போன களி, மத்த ரெண்டும் உசுரோட இருக்கு" என்றார்.

ஏற்காட்டு பாட்டில் வேறு உலகம். முதலில் நாவல்பழம் மாதிரி, அப்புறம் பென்சில் சீவிய வாசனை. துவர்ப்பு இருந்தது, ஆனால் மிளகுக்கொடி அக்கா சொன்ன இரண்டாவது வகை. மனைவி ஜெபத்துக்குப் பதிலாக 'கந்த சஷ்டி கவசம்' ஆரம்பிக்கட்டுமா என்றாள், அவ்வளவு நேரம் நின்றது. பீரோ பாட்டில் மூன்று வினாடியில் முடிந்துவிட்டது.

இப்போது வேடிக்கை. அடுத்து, எது பிடித்தது என்று கேட்டோம். சித்தப்பாவும் மேஸ்திரியும் வெந்ததைத்தான் பிடித்தது என்றார்கள்! "இதில இனிப்பு மாதிரி ஒண்ணு இருக்கு, அதுல வாய் இழுக்குது" என்கிறார் சித்தப்பா. களி என்று சொன்ன அதே மேஸ்திரி, "களி நமக்குப் பிடிக்கும்ல" என்கிறார்.


வெள்ளிப்பட்டறை
அடுத்த ஞாயிறு, இரவு 10.05

கணக்குப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாலும் மூன்றில் ஒரு முறை சரியாக வரும். அப்படி ஐந்து பேரில் நாலு பேரோ ஐந்து பேருமோ குருட்டாம்போக்கில் சரியாக எடுக்க 243இல் 11 வாய்ப்புதான். நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. சரி, வித்தியாசம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். எண் போடுவதை மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

களி உவமைக்காக அந்த மேஸ்திரிக்கு என் கணக்கில் ஒரு தட்டுவடை செட்.


மிளகுக்கொடி
அடுத்த ஞாயிறு, இரவு 10.30

சித்தப்பா சொன்னதில் தப்பே இல்லை. எனக்கும் பாட்டியின் சர்க்கரை ஒயின்தான் இன்றுவரை பிடிக்கும். அதை நல்ல ஒயின் என்று சொல்ல மாட்டேன், அவ்வளவுதான். மீதி என்ன ஆனது?


குகைக்காரன்
அடுத்த ஞாயிறு, இரவு 10.48

ஏற்காட்டு பாட்டில் அன்றே காலி. பீரோ பாட்டிலில் இருந்த மீதியைச் சித்தப்பா தன் அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டார். நேற்று மச்சான் போன் செய்தபோது, "அந்த பீரோ ஒயின் இன்னொரு ரெண்டு கிடைக்குமா கேளு" என்று பக்கத்திலிருந்து சித்தப்பா கத்துகிறார். மச்சான், அது என்ன கம்பெனி என்று கேட்கிறார்.